தொடரைப் பார்த்தவரும் பார்க்காதவரும்

சேலம் பகுதியில் நூலகராக வேலை பார்க்கும் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டிவி தொடரை வைத்து எழுதிய புத்தகத்தை எல்லாம் பிள்ளைக்கு ஏன் சார் கொடுக்கிறீர்கள்? நல்ல நாவலாகப் பார்த்து ஒன்று கொடுக்கக் கூடாதா?"

ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளைக் காலி செய்கிறவர்கள் பெட்டி பெட்டியாகத் தரும் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஸ்டார் டிரெக், டாக்டர் ஹூ போன்ற அறிவியல் புனைகதைத் தொடர்களை ஒட்டி எழுதப்பட்ட நாவல்கள் கலந்திருக்கும். மலை ஈரத்தில் தாள் பழுப்பேறி, ஓரம் சுருண்டிருக்கும். அட்டையில் நடிகரின் படம் இருக்கிறது என்பதற்காகவே அவற்றை இளப்பமாக ஒதுக்குகிறார்கள். பழைய பேப்பர் கடைக்கு முதலில் போவதும் அவைதான். ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் சொல்லப்படும் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்கவே முடியவில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே ஸ்டார் டிரெக் நாவலைப் பற்றி இருவர் கருத்து எழுதித் தந்தார்கள். ஒருவர் உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; 1980-களில் தூர்தர்ஷனில் அந்தத் தொடரை விடாமல் பார்த்தவர். அதில் விண்கப்பல் அதிகாரியாக வரும் ஸ்பாக்கைப் பற்றி, "ஸ்பாக் இவ்வளவு பேச மாட்டார். அரைப் பக்கத்துக்கு விளக்கம் சொல்கிறவர் ஸ்பாக்கே அல்ல" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அம்மாப்பேட்டையைச் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவி. தொடரை ஒரு நாளும் பார்த்ததில்லை. "கப்பலில் யாருக்கு யார் மேலதிகாரி என்றே பாதிப் புத்தகம் வரை பிடிபடவில்லை. ஸ்பாக் விளக்கிச் சொல்லும் இடங்களில்தான் கதை புரிந்தது" என்பது அவள் கருத்து.

அவர் குறை சொன்ன பக்கங்களையேதான் அவள் பாராட்டியிருக்கிறாள். இருவர் சொன்னதும் சரி. இப்படிப்பட்ட நாவலை எழுதுகிறவர், முகமும் குரலும் மனப்பாடமாகத் தெரிந்த வாசகருக்கும் எதுவுமே தெரியாத வாசகருக்கும் ஒரே வரியில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே யாருடைய கருத்தைப் படித்தாலும், அவர் தொடரைப் பார்த்தவரா இல்லையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், ஐந்துக்கு நான்கு மதிப்பெண் என்று பார்த்துப் புத்தகம் வாங்குவதில் பயனில்லை.

இன்னொரு குறையும் அடிக்கடி காதில் விழுகிறது: "கடைசியில் எதுவுமே மாறவில்லை." இதற்கு எழுத்தாளரின் சோம்பல் காரணமல்ல. பாத்திரங்கள் அவருக்குச் சொந்தமில்லை. கதைச் சுருக்கத்தையும் கையெழுத்துப் பிரதியையும் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் படித்து ஒப்புதல் தர வேண்டும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது நாவலில் கேப்டனைச் சாகடிக்க முடியாது. வாடகை வீட்டில் குடியிருப்பவர் சுவரை இடிக்க முடியாதல்லவா? அந்த எல்லைக்குள் அவர் என்ன செய்திருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும். கேமரா நுழைய முடியாத மனத்துக்குள் நுழையலாம். திரையில் இரண்டு வரி மட்டுமே பேசிய துணைப் பாத்திரத்துக்கு ஒரு வாழ்க்கையைத் தரலாம். ஸ்டார் டிரெக்கில் சுலு என்ற அதிகாரிக்குத் தொடரில் முதற்பெயரே கிடையாது. வோண்டா மெக்கின்டயர் 1981-இல் எழுதிய நாவலில் ஹிகாரு என்று பெயர் வைத்தார். 1991-இல் வெளிவந்த ஆறாவது திரைப்படம் அதையே எடுத்துக்கொண்டது.

டாக்டர் ஹூ நாவல்களின் கதை இன்னும் பெரியது. 1963-இல் தொடங்கிய அந்தத் தொடரின் பழைய பதிவுகள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. 1960-களின் பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவற்றுக்கு இன்று முழுப் படம் இல்லை. ஒலி மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. வீட்டில் வீடியோ இல்லாத 1970-களில், டார்கெட் பதிப்பகம் 1973 முதல் வெளியிட்ட சிறு நாவல்கள் வழியாகத்தான் பிரிட்டிஷ் பிள்ளைகள் பழைய கதைகளைத் தெரிந்துகொண்டார்கள். அவற்றில் 60-க்கும் மேற்பட்டவற்றை டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒருவரே எழுதினார். வாசிப்பில் தயங்கி நிற்கும் பிள்ளையையும் கடைசிப் பக்கம் வரை இழுத்துச் செல்லும் எளிய ஆங்கிலம் அவருடையது. தமிழ் வழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

"ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில் ஒன்று. பிள்ளை கையில் வைத்திருக்கும் புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன், தொடரில் இல்லாத எது இதில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாணவியிடம் நான் அதைத்தான் கேட்டேன். அவள் சொன்ன பதிலுக்கு உருக்காலைக்காரர் மறுப்புச் சொல்ல, கூட்டம் முடிய நெடுநேரம் ஆனது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கப்பலில் யார் யார், அவர்களின் பதவி என்ன என்று ஒரு தாளில் தமிழில் எழுதிவந்து, அந்த நாவலின் உள்ளட்டையில் அவரே ஒட்டினார்.

ஏற்காட்டில் வீடு மாற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எது தேறும், எது தேறாது என்று நீங்களே பிரிக்க வேண்டாம். பெட்டியை அப்படியே அருகிலுள்ள நூலகத்தில் காட்டுங்கள். ஈரம் ஏறியவற்றை வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். நிழலில் காற்றாட விரித்துவைத்த பிறகு கொண்டுவாருங்கள்.