பண்ணைக்குக் கிளம்பும் முன்: நோய்த் தடுப்புக் குழுவினர் தங்கள் உடம்புக்குச் செய்துகொள்ள வேண்டியவை

பறவைக் காய்ச்சல் உறுதியானதும் வேலைகள் வேகமெடுக்கும். குழு போடுவார்கள், வண்டி வரும், பாதுகாப்பு உடைப் பெட்டிகள் ஏறும். போகிறவர்களின் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இத்தகைய குழுக்களுக்குப் பயிற்சி தரும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் அடிக்கடி கேட்கும் பதில், "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்." இவற்றில் பாதியை அங்கே போய்ச் செய்யவே முடியாது.

தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஃப்ளூ ஊசி போட்டு எதிர்ப்பாற்றல் உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. மனித ஃப்ளூ வைரசும் பறவை வைரசும் ஒரே ஆளின் உடம்பில் சேர்ந்து, மரபணுக்களை மாற்றிக்கொண்டு புதிய வைரஸ் ஒன்று உருவாகும் வாய்ப்பைக் குறைக்கத்தான் அதைப் போடச் சொல்கிறோம். வெறிநாய்க்கடி நோய்க்கான (ரேபிஸ்) முன்தடுப்பு ஊசிகள் இரண்டுக்கும் நடுவே 7 நாள் இடைவெளி வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பது பெரும்பாலானவர்களுக்கு நினைவிருப்பதில்லை. 10 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

2003-இல் நெதர்லாந்தின் கோழிப் பண்ணைகளில் எச்7என்7 வகைப் பறவைக் காய்ச்சல் பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலானவர்களுக்குக் கண் சிவந்து எரிந்ததோடு சரி. இறந்தவர் ஒருவர்தான், அவர் ஒரு கால்நடை மருத்துவர். தடுப்பாகக் கொடுக்கப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரையை அவர் எடுத்திருக்கவில்லை. அந்த மாத்திரை தேவையா, எந்த அளவில், யாருக்குக் கூடாது என்பதையெல்லாம் ஒரு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்துவிட வேண்டும். கண்ணைப் பக்கவாட்டிலும் மூடும் கண்ணாடியை "மூக்கையும் வாயையும் மூடினால் போதாதா" என்று கழற்றி வைப்பவர்களிடம் நான் சொல்வதும் இந்தக் கதையைத்தான்.

முகக்கவசம் பற்றி ஒரு வார்த்தை. என்95 கவசம் முகத்தோடு ஒட்டி நின்றால்தான் என்95. ஓரத்தில் காற்று புகுந்தால் அது வெறும் துணி மாதிரிதான். அதனால்தான் பொருத்தச் சோதனை. எந்த அளவு, எந்த வடிவம் தனக்குச் சரிப்படும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாடி இருந்தால் கவசம் ஒட்டாது. தாடியை எடுக்க மனமில்லாதவர்களுக்குத் தலையை முழுவதும் மூடும், காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் கருவி வேண்டும். அது கிடைக்குமா என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அனுபவத்தில் கிருமியைவிட அதிகமாக ஆளைச் சாய்ப்பது வெக்கை. 2024 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோவில் நோய் கண்ட கோழிகளை அழித்த தொழிலாளர்கள் சிலருக்கு எச்5 வகைப் பறவைக் காய்ச்சல் தொற்று வந்தது. கொட்டகைக்குள் 40 டிகிரி செல்சியஸ் தாண்டிய வெப்பம். பெரிய மின்விசிறிகள் இறகையும் தூசியையும் வாரி இறைத்தன. அந்தச் சூட்டில் கவசத்தையும் கண்ணாடியையும் சரியாகப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வருபவரை முதல் நாளே முழு நேரம் உடைக்குள் நிறுத்தக் கூடாது. முழு உடையில் இருக்கும்போது தண்ணீரும் குடிக்க முடியாது. ஆகவே எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, முறையாகக் கழற்றி, குடித்து, இளைப்பாறுவது என்பதை வேலைத் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். உடையைக் கழற்றும்போதுதான் அழுக்கு கையிலும் முகத்திலும் படும் ஆபத்து அதிகம். ஆகவே போடுவதைவிடக் கழற்றுவதை அதிக முறை ஒத்திகை பாருங்கள்.

அப்புறம், உடல் கோளாறை மறைப்பது. இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர், சில அலர்ஜி மாத்திரைகள் எடுப்பவர் வெப்பத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்குக் கவசத்தோடு மூச்சு வாங்கும். ஆடுகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் க்யூ காய்ச்சல் என்ற நோய் இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள ஆட்டுப் பண்ணைக்குக் கர்ப்பிணிகளும் இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களும் போகக் கூடாது. குழுவிலிருந்து பெயர் விட்டுப்போகுமோ என்று பலர் இதைச் சொல்வதில்லை. குழுத் தலைவர் முன்னால் கேட்டால் யார்தான் சொல்வார்கள்? மருத்துவர் தனியாகக் கேட்கட்டும். தலைவருக்கு "தகுதி உண்டு" அல்லது "வேறு வேலை கொடுங்கள்" என்ற பதில் மட்டும் போனால் போதும்.

கோமாரியும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் மனிதர்களுக்கு ஆபத்தில்லை என்பதால் அங்கே போகிற குழுக்கள் அசட்டையாக இருப்பதுண்டு. உதைக்கிற மாடும், கிருமிநாசினிப் புகையும் அங்கேயும் இருக்கின்றன. கோமாரி வைரசுக்கு அமிலம் ஆகாது என்று சிட்ரிக் அமிலம் கொண்டுபோவார்கள். அதைக் குளோரின் கரைசலோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். எந்த மருந்தை எதோடு கலக்கக் கூடாது என்பதை வாளியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பன்றியோ கோழியோ வளர்ப்பவரைக் குழுவில் சேர்க்காமல் இருப்பதும் நல்லது, வைரஸ் அவர் செருப்போடு வீடு போய்ச் சேரும்.

நூற்றுக்கணக்கான விலங்குகளைக் கொல்வதும், அழுதுகொண்டு நிற்கும் உரிமையாளரிடம் பேசுவதும் எல்லோருக்கும் ஒத்துவராது. "என்னால் கொல்லும் வேலை முடியாது, மாதிரி எடுக்கிறேன்" என்று முன்பே சொல்ல இடம் கொடுங்கள். தூக்கம் கெட்டால் யாரிடம் பேசுவது என்பதும் முன்பே தெரிந்திருக்கட்டும்.

திரும்பி வந்தபின் பறவைக் காய்ச்சல் குழுவினரைக் கடைசித் தொடர்பிலிருந்து 10 நாள் கவனிக்க வேண்டும்: காய்ச்சல், இருமல், கண் சிவப்பு. அதற்குக் கூப்பிட வேண்டிய எண்ணும், "பறவைக் காய்ச்சல் பண்ணையில் வேலை செய்தேன்" என்று மருத்துவமனையில் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்ற அறிவுரையும் கிளம்பும் நாளிலேயே ஓர் அட்டையில் அச்சிட்டு ஆளுக்கொன்று கொடுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று.