நீல வெளிச்சத்தில் பவளத்தை எடைபோடாதீர்கள்

கடைத் தொட்டியில் பச்சையும் ஆரஞ்சுமாகத் தகதகத்த பவளம் வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டது என்று சொல்லித்தான் பலரும் என்னை அழைக்கிறார்கள். சிங்கப்பூரில் பவளத் தொட்டிகளை அமைத்துப் பராமரிப்பது என் தொழில். நேரில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பவளத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விளக்குதான் மாறியிருக்கும்.

பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவு தருபவை இவையே. இவற்றின் நிறம் பழுப்பு. பச்சை, ஆரஞ்சு, சிவப்பு மினுமினுப்பு, பவளமே உண்டாக்கும் ஒளிர்புரதங்களுடையது. அவை நீல ஒளியை உள்வாங்கி வேறு நிறத்தில் உமிழ்கின்றன. இவை தவிர, ஒளிராத நிறப்புரதங்களும் உண்டு. அக்ரோபோரா என்னும் கிளைப் பவளத்தின் நுனியில் காணும் ஊதாவும் இளஞ்சிவப்பும் பெரும்பாலும் அவற்றால் வருபவை. வெள்ளை வெளிச்சத்தில்தான் அவை முழுமையாகத் தெரியும்.

450 நானோமீட்டரை ஒட்டிய நீல எல்இடியை மட்டும் எரியவிட்டால் பழுப்பு இருளில் மறைந்துவிடும், ஒளிர்புரதம் மட்டும் கண்ணைப் பறிக்கும். நலிந்த பவளமும் அந்த வெளிச்சத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆகவே, வாங்கும் முன் வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திசு கிழிந்து எலும்புக்கூடு வெளியே தெரிகிறதா, அடிப்பகுதி வெளுத்திருக்கிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும். காட்ட மறுக்கும் கடையில் நான் எதுவும் வாங்குவதில்லை. (இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. வளர்க்கும் ஆசையில் யாரும் அவற்றைத் தொட வேண்டாம்.)

தொட்டிக்குப் போடும் விளக்குகளில், மெட்டல் ஹாலைடு விளக்கின் வெளிச்சம் வெயிலைப் போல அலையாடி விழும், நிறப்புரதங்கள் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் நீரைச் சூடாக்கிவிடும். இருமுனை பல்பாக இருந்தால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் அதை எரியவிடவே கூடாது. டி5 குழல்விளக்கு ஒளியைச் சீராகப் பரப்புவதால் கிளைகளின் அடிப்பக்கம்கூட நிறம் பெறும். பார்வைக்கு நன்றாக எரிந்தாலும் அதன் வலு குறைந்துகொண்டே வரும் என்பதால் ஏறத்தாழ ஆண்டுக்கொரு முறை மாற்றிவிட வேண்டும்.

இன்று எங்கும் எல்இடிதான். மின்சாரம் மிச்சமாகும், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். சிக்கலும் இங்கேதான். ஒரு புள்ளியிலிருந்து பாயும் ஒளி என்பதால் மேல்புறம் வெளிற, நிழல் விழும் பக்கம் பழுப்பாகிவிடும். ஒரே விளக்குக்குப் பதிலாக இரண்டைத் தள்ளித் தள்ளி மாட்டினால் இது பெருமளவு குறையும். நீல ஒளியின் அளவை நம் கண்ணும் குறைத்தே மதிப்பிடும், கண்ணுக்கேற்ப வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரும் அப்படியே. ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை அளக்கும் பார் (PAR) மீட்டரை வாடகைக்காவது எடுத்து அளந்து பாருங்கள். லெதர் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு பார் அளவு 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா 200க்கு மேல் கேட்கும்.

பவளம் பழுப்பானதும் விளக்கை ஒரேயடியாகக் கூட்டுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்த நீரிலும் பாசி பெருகிப் பழுப்பு ஏறும் என்பதால் முதலில் நீரைச் சோதியுங்கள். திடீரென ஏறிய ஒளியில் பாசி வெளியேறிவிட்டால் பவளம் பட்டினி கிடக்க நேரிடும். அந்த நிலையிலும் அது வெண்மையாகாமல் பளிச்சென்ற நீலமாகவோ மஞ்சளாகவோ மாறக்கூடும். பாசி குறைந்த திசுவுக்குள் ஒளி கூடுதலாகச் சிதற, அது பவளத்தின் நிறமி உற்பத்தியைத் தூண்டுகிறது என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் விளக்கினார்கள். இப்படி நிறம் மாறிய பவளத்தின் படத்தை அனுப்பி மகிழ்ச்சியோடு என்னிடம் பேசியவர்கள் உண்டு. உடனே விளக்கைக் குறைக்கத்தான் நான் சொன்னேன்.

புதிய பவளத்தைத் தொட்டியின் அடியில், மங்கலான இடத்தில் வையுங்கள். வழக்கமான அளவில் பாதி ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். வாரம் ஒரு முறை, அதே வெள்ளை வெளிச்சத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நிறம் வெளிறத் தொடங்கினால் அந்தப் படங்களில் தெரிந்துவிடும். அப்போதே ஒளியை ஒரு படி இறக்கிவிடலாம்.