நிவாரணப் பணியில் வேலை தேடும் பிள்ளைகளுக்கு

கடந்த வாரம் சேரம்பாடியிலிருந்து ஓர் இளம்பெண், நிவாரணப் பணிக்கு ஆளெடுக்கும் என்னைப் பார்க்கக் கூடலூருக்கு வந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகள். சமூகப்பணியில் முதுகலை முடித்தவர். ஐக்கிய நாடுகள் சபையில் வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த நியமன ஆணையை நம்பி, விசா செலவு, காப்புத்தொகை என மூன்று தவணைகளில் பணம் அனுப்பியிருக்கிறார். தாயாரின் சங்கிலி அடகில் இருக்கிறது. இந்த ஆண்டில் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர்.

ஐ.நா. சபை ஆள்சேர்ப்பின் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்டால் அது மோசடி. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், வெட்கப்பட்டு நாளைக் கடத்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

இவர்களை அந்த வலைக்குள் தள்ளுவது வேறொரு நம்பிக்கை. "சேவை மனப்பான்மை இருக்கிறதே, அது போதாதா?" என்று நால்வருமே கேட்டார்கள். போதாது. மனம் ஒன்றே தகுதி என்று நம்புகிறவருக்கு, தேர்வும் நேர்காணலும் இல்லாமல் ஆணை வருவது விந்தையாகத் தோன்றுவதில்லை. 2024 ஜூலை 30 அன்று கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தபோது இரக்கத்துக்குக் குறைவில்லை. எல்லைக்கு இப்பாலிருந்தும் வண்டி வண்டியாக மனிதர்கள் கிளம்பினார்கள். ஆனால் ஒரு பள்ளிக்கூடத்தில் 300 பேரைத் தங்கவைத்தால், ஸ்பியர் என்ற பன்னாட்டு நிவாரண அளவுகோலின்படி ஆளுக்கு 15 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 4,500 லிட்டர் தண்ணீர் வேண்டும், 20 பேருக்கு ஒன்று என 15 கழிப்பறைகள் வேண்டும், ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் இடம் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு, குறைவதைக் கேட்டு வாங்கி, வந்ததை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறவரைத்தான் நாங்கள் வேலைக்குத் தேடுகிறோம்.

பயனாளிப் பட்டியலும் அப்படித்தான். குடும்ப அட்டையில் மலையாளத்திலும் ஆதாரில் தமிழிலும் பெயர் இருக்கும்; ஒன்றில் தலைப்பெழுத்து, மற்றொன்றில் தகப்பனார் பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சரிபார்க்க ஆளில்லாவிட்டால் தோட்டத் தொழிலாளியின் உதவித்தொகை நின்றுபோகும். அந்தப் பெண்ணுக்கு இரு மொழிகளும் எழுதப் படிக்க வரும். தன் விண்ணப்பத்தில் அதை அவர் குறிப்பிடவே இல்லை.

உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாவது கிடங்கையும் கணக்கையும் பழகுங்கள். வெளிநாட்டு வேலைகளை ஐ.நா. நடத்தும் ரிலீஃப்வெப் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எதில் விண்ணப்பித்தாலும் அந்த அமைப்பின் சொந்தத் தளத்தில் அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பேரிடர் நடந்த இடத்துக்கு யாரும் அழைக்காமல் போகாதீர்கள். முகாமில் குழந்தைகளோடு எடுத்த படங்களை விண்ணப்பத்தோடு இணைக்காதீர்கள். அதைப் பார்த்ததும் நான் விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுகிறேன்.

சேரும் முன் ஒப்பந்தம் எந்த மாதத்தில் முடிகிறது, விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தொண்டு நிறுவனங்கள் அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது; நிரந்தரமாக ஆள் வைக்க அது போதாது என்பதால், திட்டம் முடிந்ததும் வேலையும் முடிகிற பணியிடங்களே மிகுதி. பெற்றோர்களே, சேவைக்குச் சம்பளம் கேட்பது தவறென்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். நகையை அடகு வைக்கும் முன், அந்த ஆணையை எங்களைப் போன்ற யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள்.