லாங் வேறு, மாங் வேறு

பழைய சீனப் பட்டு அங்கிகளில் பொன்னிழையால் தைத்திருக்கும் அந்த நீண்ட உருவத்தை நாம் டிராகன் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கிரேக்க ‘டிராகோன்’ லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றி நம்மிடம் வந்த சொல் அது. கிரேக்கத்தில் பெரிய பாம்பு என்று பொருள். ஐரோப்பியக் கதைகளில் அது நெருப்பைக் கக்கும், வீரன் வந்து கொல்வான். சீனர்களின் ‘லாங்’ மழையைக் கொண்டுவருவது. அங்கியைப் பாருங்கள், கீழ்விளிம்பில் கடல் அலை, மேலே மேகம், நடுவில் லாங்.

சரி, அதோடு முடியவில்லை. ‘மாங்’ என்று இன்னொன்று இருக்கிறது. சொல்லுக்கு மலைப்பாம்பு என்றுதான் பொருள், ஆனால் துணியில் பார்த்தால் லாங் மாதிரியேதான் இருக்கும், கொம்பு, செதில், மீசை எல்லாம் உண்டு. பொதுவாக லாங்குக்கு ஐந்து நகம், மாங்குக்கு நான்கு. சீனாவில் சிங் அரசமரபின் ஆட்சியில் (1644–1911) பேரரசர் அணிந்தது லாங்பாவ், அதிகாரிகள் அணிந்தது மாங்பாவ். பாவ் என்றால் நீண்ட அங்கி. பேரரசரின் அங்கியில் ஒன்பது லாங், அதில் ஒன்று முன்மடிப்புக்குள் மறைந்திருக்கும். ஐந்து நகத் துணியை அரண்மனையே பரிசாகக் கொடுத்தாலும் ஒரு நகத்தைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் உடுத்தலாம் என்று விதி இருந்தது. பொன் ஒட்டிய தாள்கீற்றைப் பட்டுநூலில் சுற்றி, அந்த இழையைத் துணிமேல் படுக்கவைத்து, மெல்லிய நூலால் இடம்விட்டு இடம் பிடித்துத் தைக்கிற வேலை இது. அதில் ஒரு நகத்தைப் பிரிப்பதை நினைத்தாலே மனசு பதறுகிறது.

தமிழில் என்ன சொல்வது? யாளி பொருந்தாது, அது சிங்க உடல். வலுசர்ப்பம் பழைய தமிழ் பைபிளில் சாத்தானைக் குறிக்கிறது, மழை தருவதற்கு அந்தப் பெயர் வேண்டாம். எனக்குப் பிடித்தது நாகம். பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் நாகம் வரும் இடத்தில் லாங் என்றே எழுதினார்கள். நாகராஜன் அங்கே லாங்வாங், பௌத்த அறிஞர் நாகார்ச்சுனர் லாங்ஷு. நாகத்துக்குக் கால் ஏது என்று கேட்கலாம், நியாயம்தான். அதனால் சிலர் ஏற்கெனவே எழுதும் ‘கடல்நாகம்’ நல்லது, நம் ஊர்ப் பாம்போடு குழம்பாது.

மாங்கை மட்டும் மாங் என்றே விடலாம். நான்கு நகக் கடல்நாகம் என்று பெயர்த்தாலும் தப்பாகிவிடும், ஏனென்றால் இளவரசர்கள் சிலருக்கு ஐந்து நகம் தைத்த அங்கி உண்டு, அதற்கும் மாங்பாவ் என்றுதான் பெயர்.