எவர்கிரீன் பாட்டு: சொல் விளக்கம்

"எவர்கிரீன்" என்ற சொல் இல்லாமல் மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசைக் கச்சேரி நடக்காது. கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் "அடுத்து ஒரு எவர்கிரீன் பாட்டு" என்றதும், பந்திக்கு எழுந்தவர்கூட ஒரு நிமிடம் நின்று கேட்பார். ஷேர் ஆட்டோவில் ஓடும் பென்டிரைவிலும் "எவர்கிரீன் ஹிட்ஸ்" என்று ஒரு தொகுப்பு இருக்கும். பண்பலை வானொலிக்காரர்கள் பழைய பாடல், இடைக்காலப் பாடல், புதுப் பாடல் என்று வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். எவர்கிரீன் அந்த வரிசையில் சேராது. அது வயதைச் சொல்லவில்லை, பாட்டின் தகுதியைச் சொல்கிறது. பழசான எல்லாமே எவர்கிரீன் ஆகிவிடுவதில்லை.

ஆங்கிலத்தில் "எவர்" என்றால் எப்போதும், "கிரீன்" என்றால் பச்சை. வளர்தலுக்கும் புல்லுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களும் இந்த "கிரீன்" பிறந்த வேரிலிருந்து வந்தவைதான். நம் பசுமையும் நிறத்தோடு நிற்பதில்லை. பச்சிளங்குழந்தை என்கிறோம், பைந்தமிழ் என்கிறோம். அங்கெல்லாம் பசுமைக்கு இளமை என்று பொருள். எவர்கிரீன் முதலில் மரத்தின் பெயர், பாட்டுக்கு வந்தது பிறகு. ஜெர்மானியர்களும் நிலைத்த பாட்டுக்கு இதே ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

மரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பசுமைமாறா மரம் இலையே உதிர்க்காது என்று பலர் நினைக்கிறார்கள். உதிர்க்கும். ஆனால் மொத்தமாக ஒரே பருவத்தில் உதிர்ப்பதில்லை. பழைய இலை விழ விழப் புது இலை வந்துகொண்டே இருப்பதால் மரம் மொட்டையாக நிற்பதில்லை, அவ்வளவுதான். மேகமலைக் காட்டுக்குள் போனால் தலைக்கு மேலே ஒரே பச்சை, காலுக்குக் கீழே உதிர்ந்த சருகு. பாட்டு எப்படி நிலைக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் முன்னால் வருகிறது.

மதுரைக்கே உரிய சங்க இலக்கியமான பரிபாடலைப் பாருங்கள். வையையில், அதாவது வைகையில், புதுப்புனல் வந்தால் ஊரே திரண்டு ஆடியதைப் பாடியவை அந்தப் பாட்டுகள். மொத்தம் 70 என்று ஒரு பழைய வெண்பா கணக்குச் சொல்கிறது. திருமாலுக்கு 8, செவ்வேளான முருகனுக்கு 31, காடுகாள் என்னும் கொற்றவைக்கு 1, வையைக்கு 26, மதுரைக்கு 4. முழுசாக நமக்குக் கிடைத்தவை 22. மதுரையைப் பாடிய நான்கில் ஒன்றுகூட முழுசாக இல்லை. கிடைத்தவற்றில் பெரும்பாலானவற்றின் கீழே பாடியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் எல்லாம் இருக்கின்றன. பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று. ஆனால் இசை வகுத்தவர்களில் ஒருவரான நன்னாகனார் போட்ட மெட்டு எப்படி இருந்தது என்று இன்று யாராலும் பாடிக் காட்ட முடியாது. சொல் நின்றுவிட்டது, இசை போய்விட்டது. பாடும் வாய்கள் எங்கோ ஒரு தலைமுறையில் நின்றுபோனதுதான் காரணம். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

இசைத்தட்டு வந்தபிறகு நிலைமை மாறியது. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் பாடிய தட்டு 1926இல் வந்தது. 1945இல் மீரா படத்துக்காக அவர் பாடிய "காற்றினிலே வரும் கீதம்" இன்றும் அதே குரலில் கிடைக்கிறது. ஆனால் ஒரு குரல் தட்டில் பத்திரமாக இருப்பது வேறு, பாட்டு ஊரில் நடமாடுவது வேறு. 1930களில் ஐம்பதுக்கு மேல் பாட்டு உள்ள படங்கள்கூட வந்தன. அவற்றில் எத்தனை இன்று நம் வாயில் வருகின்றன? "அந்தக் காலத்துப் பாட்டெல்லாம் நல்ல பாட்டு" என்று பெரியவர்கள் சொல்லும்போது, விழுந்ததை மறந்துவிட்டு நின்றதை மட்டும் எண்ணுகிறார்கள் என்றே எனக்குத் தோன்றும். நின்றது குறைவு. குறைவு என்பதால்தான் அதற்குத் தனிச் சொல் தேவைப்படுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? "காலத்தை வென்ற பாடல்" என்பது மேடைப் பேச்சு. ஐம்பது வருடம் ஓடிய பாட்டு இன்னும் காலத்தோடு நடந்துகொண்டுதான் இருக்கிறது, வெற்றியை இப்போதே அறிவிக்க வேண்டியதில்லை. "என்றும் இனியவை" வானொலிக்குப் பொருத்தமான தலைப்பு, ஆனால் இனிமையைத்தான் சொல்கிறது, நிலைப்பதைச் சொல்லவில்லை. "பசுமைமாறா" காட்டுக்கு உரிய பாடநூல் சொல், அங்கேயே இருக்கட்டும். "வாடாப் பாட்டு" என்றால் எனக்கு வாடாமல்லி ஞாபகம் வருகிறது. நிறம் போகாது, ஆனால் மணமும் இருக்காது. தட்டில் மட்டும் கிடக்கும் பாட்டுக்கு வேண்டுமானால் அந்தப் பெயர் சரி.

நான் சொல்லும் சொல், நம் ஊர்த் திருவிழா மேடையில் ஏற்கெனவே இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம் நாடகம் இன்றும் மதுரையைச் சுற்றிய கிராமங்களில் விடிய விடிய நடக்கிறது. கோமாளியான பபூன் வந்து சிரிக்க வைத்துப் போன பிறகு, நேரம் நடுநிசியைத் தாண்டும். முருகனாக நடிக்கும் ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், வேடனாக வந்து தினைப்புனத்து வள்ளியைப் பார்ப்பார். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்து நிற்பார். "காயாத கானகத்தே" என்று முதல் அடியை எடுத்ததும், துண்டை விரித்துப் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். சில இடங்களில் பாடுபவரின் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்தி விடுவார்கள். இதே பாட்டை அந்தக் கால நாடக நடிகர் கிட்டப்பா பாடினார். சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் 1945இல் ஸ்ரீவள்ளி படத்தில் பாடினார். இப்போது பாடுகிற ராஜபார்ட் அவர்களைப் போலவே பாடுவதில்லை. தன் தொண்டைக்குத் தகுந்தபடி சங்கதி போடுகிறார், ஓரிடத்தில் நீட்டுகிறார், இன்னோரிடத்தில் விட்டுவிடுகிறார்.

காய்தல் என்றால் உலர்தல். காய் விடுவதற்கும் அதே சொல் உண்டு என்றாலும், இங்கே வறண்டுபோகாத காடு என்றே நான் பொருள் கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் எவர்கிரீன் காட்டுக்குச் சுவாமிகள் வைத்த பெயர்தான் காயாத கானகம். அந்தச் சொல்லைப் பாட்டுக்கும் கொடுக்கலாம்: காயாத பாட்டு. பேச்சுக்கும் வரும், எழுத்திலும் நிற்கும். இன்னும் எளிமையாக வேண்டுமென்றால் "நிலைத்த பாட்டு" என்று எழுதுங்கள், தவறில்லை.

எந்தப் பாட்டுக்கு இந்தப் பெயரைக் கொடுப்பது என்பதிலும் கொஞ்சம் கறார் வேண்டும். போன வருடம் வந்த பாட்டுக்கு இது பொருந்தாது. அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்காத, அந்தப் பாடகரை நேரில் கேட்காத ஒரு தலைமுறை அதைத் தானாக எடுத்துப் பாட வேண்டும். 1976இல் வந்த அன்னக்கிளியின் பாட்டுகளை, அப்போது பிறந்தே இராத பிள்ளைகள் இன்று பள்ளி ஆண்டு விழாவில் பாடுகிறார்கள். அவற்றைத் தாராளமாகக் காயாத பாட்டு என்று சொல்லலாம்.