கூட்டத்தைக் காடு முழுக்கப் பரப்பாதீர்கள்

இயற்கைச் சுற்றுலாத் தலங்களுக்கு ஆலோசனை சொல்லப் போகும்போது, அநேகமாக எல்லா நிர்வாகிகளும் கேட்பது ஒன்றுதான்: "ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம்?" அப்புறம் அவர்களே ஒரு யோசனையும் சொல்வார்கள்: "எல்லாரும் ஒரே இடத்தில் குவியாமல் இன்னும் நாலு பாதை திறந்துவிட்டால் என்ன?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். காட்டுக்கு அது பெரும்பாலும் கெடுதல்.

யாரும் நடக்காத தரையில் முதலில் நடக்கும் சிலரே பெரும்பகுதிச் சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். இளஞ்செடிகள் ஒடிகின்றன, மேல்மண் இறுகுகிறது, மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடி மண்ணை அரிக்கிறது. ஏற்கெனவே இறுகிய பாதையில் மேலும் நூறு பேர் நடந்தால் கூடும் சேதம் அதைவிட மிகக் குறைவு. அதனால் பாதைகளைக் குறைத்து, இருப்பதைப் பலப்படுத்துங்கள். முதலில் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். சேற்றைத் தவிர்க்க ஆட்கள் ஓரமாக நடந்துதான் பாதை அகலமாகிறது. கூட்டத்தைப் பிரிக்க வேண்டியது நேரத்தால். நுழைவுச் சீட்டிலேயே நேரம் குறித்துவிடலாம்.

தாய்லாந்தில் ஒரு தீவில் இருக்கும் மாயா விரிகுடா இதற்கு நல்ல பாடம். தினமும் ஆயிரக்கணக்கானோர் வந்து, படகு நங்கூரங்களால் பவளப்பாறை சிதைந்ததால், 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது ஒரு சுற்றுக்கு 375 பேர், ஒரு மணி நேரம் என்று வரம்பு வைத்தார்கள். படகுகள் தீவின் பின்பக்கம் நிற்க வேண்டும், நீந்தத் தடை. துடுப்பு நுனி கறுத்த சுறாக்கள் அங்கே திரும்பி வந்திருக்கின்றன. ஆட்களைக் குறைத்ததைவிடப் படகுகளை இடம் மாற்றியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, எத்தனை பேர்? அதை அந்த இடத்தில் எது மிகவும் அரிதோ அதுதான் முடிவு செய்யும். ருவாண்டா, உகாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்க ஒரு குழுவுக்கு 8 பேர், ஒரு மணி நேரம்தான் அனுமதி. நம் சளிக்காய்ச்சல் அவற்றுக்கு உயிராபத்து. பல இடங்களில் அந்த அரிய பொருள் தண்ணீர். வறண்ட மாதங்களில்தான் வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் வரும். ஆகவே ஆண்டுச் சராசரியைப் பார்க்காதீர்கள். வறண்ட மாதத்தில் ஊற்று தருவதில் விலங்குகளுக்கும் கீழே வாழும் மக்களுக்கும் உரியதை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வைத்துக் கணக்கிடுங்கள்.

கழிவறையும் அந்தக் கணக்கில்தான் வரும். கழிவுத் தொட்டியில் திடக்கழிவு படிய நேரம் வேண்டும். விடுமுறை நாளில் மளமளவென்று நீர் சேர்ந்தால் படியாத கழிவு வெளியேறி ஓடையில் கலக்கும். தண்ணீர் தேவைப்படாத உலர் கழிவறைகளை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நீர்மட்டம் எந்த அளவுக்கு இறங்கினால் நுழைவுச் சீட்டுகளின் எண்ணிக்கை பாதியாகும் என்பதை சீசனுக்கு முன்பே எழுதி, விடுதிக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் கொடுத்துவிடுங்கள். அறைகள் நிரம்பிய பிறகு அந்த முடிவை எடுக்க யாருக்கும் மனம் வராது.