மென்பொருளுக்கு முன் கோப்பைப் பாருங்கள்

ஒரு திட்டத்தின் கூட்டக் குறிப்பு, எடுத்த முடிவு, யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க மென்பொருள் தேடுபவர்கள் 'திறமூலமா (நிரலை யாரும் எடுத்து மாற்றலாமா), தனியுரிமமா (நிறுவனத்தின் கையில் மட்டுமா)?' என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாம் தட்டச்சு செய்வது எங்கே, என்ன வடிவில் போய்ச் சேர்கிறது?

அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருளின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. ஆகவே அது தனியுரிம மென்பொருள். ஆனால் அதில் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே ஒரு மார்க்டவுன் கோப்பு. வெறும் உரைதான், நோட்பேடிலும் திறக்கும். இரட்டைச் சதுர அடைப்புக்குள் இன்னொரு குறிப்பின் பெயரை எழுதினால் இணைப்பு ஆகிவிடும். மென்பொருள் எல்லாக் கோப்புகளையும் படித்து, எது எதைச் சுட்டுகிறது என்று அட்டவணை போட்டுக்கொள்கிறது. பேக்லிங்க், அதாவது இந்தக் குறிப்பைச் சுட்டும் மற்ற குறிப்புகளின் பட்டியல், அந்த அட்டவணையைத் தலைகீழாகப் படிப்பதுதான். அட்டவணை அழிந்தாலும் கோப்புகளிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம்.

நோஷன் என்ற இணையவழிக் குறிப்பு மென்பொருளில் பக்கத்துக்கென்று கோப்பே கிடையாது. ஒரு பத்தி, ஒரு தலைப்பு, ஒரு டிக் பெட்டி என ஒவ்வொன்றும் ஒரு பிளாக். அந்த நிறுவனத்தின் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் அதற்கே உரிய அடையாள எண், அது எந்த வகை, அதன் தாய் பிளாக் எது, சேய்கள் எவை என்ற விவரம் இருக்கும். பக்கத்தைத் திறக்கும்போது இவற்றைக் கோத்துத் திரையில் காட்டுகிறது. இதில் நிஜமான லாபம் உண்டு. இணைப்பு பெயரை அல்ல, எண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பதால் தலைப்பை மாற்றினாலும் அறுவதில்லை. அப்சிடியனோ பெயர் மாறினால் சுட்டும் கோப்புகளுக்குள் எல்லாம் போய்த் திருத்த வேண்டும். மென்பொருளுக்கு வெளியே நீங்களே பெயரை மாற்றிவிட்டால் இணைப்பு அறுந்தது அறுந்ததுதான். ஒரே பக்கத்தில் இருவர் ஒரே நேரத்தில் எழுதவும் பிளாக் முறை வசதி.

வெளியேறும்போதுதான் கணக்கு மாறுகிறது. நோஷன் மார்க்டவுனாகவும், அட்டவணைகளை வெறும் உரையாக வைக்கும் சிஎஸ்வியாகவும் ஏற்றுமதி தரும். எழுத்து வந்துவிடும், ஆனால் நோஷனில் நீங்கள் போட்ட அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளும், வடிகட்டிகளும், காலண்டர் போன்ற பார்வைகளும் அதே உயிரோடு வருவதில்லை. திட்டத் தரவில் பாதி அறிவு அந்த உறவுகளில்தானே இருக்கிறது?

அப்படியானால் உரிமத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அட்லாசியன் நிறுவனத்தின் தனியுரிமக் குழு விக்கி மென்பொருளான கான்ஃப்ளுவன்ஸின் சர்வர் பதிப்பு வாடிக்கையாளரின் சொந்த இயந்திரத்திலேயே ஓடியது. 2020 அக்டோபரில் அட்லாசியன் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2021 பிப்ரவரியில் புதிய விற்பனை நின்றது. 2024 பிப்ரவரி 15-உடன் ஆதரவும் முடிந்தது. தரவு கையில் இருந்தும், பாதுகாப்புத் திருத்தம் இனி வராது. மாறாக, விக்கிப்பீடியாவைத் தாங்கும் மீடியாவிக்கி ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருப்பதால், இன்று அதை வளர்ப்பவர்கள் கைவிட்டாலும் வேறு யாரும் நிரலை எடுத்துத் தொடரலாம். ஆனால் சர்வர், அது எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் மேம்படுத்தல், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சிறு குழுவுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

திறமூலம் என்றாலே வெறும் கோப்பு என்றும் இல்லை. ஜோப்ளின் என்ற திறமூலக் குறிப்பு மென்பொருள் குறிப்புகளை ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்குள் வைக்கிறது. அந்த வடிவத்தை வேறு பல மென்பொருள்களும் திறக்கும் என்பதால் பயமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும், ஒன்றையொன்று சுட்டும் சில குறிப்புகள், ஒரு அட்டவணை, ஒரு படம் போட்டு முதல் நாளே ஏற்றுமதி செய்யுங்கள். அதை இன்னொரு மென்பொருளில் திறந்து, எந்த இணைப்பு அறுந்திருக்கிறது, படம் எங்கே போனது, தமிழ்த் தலைப்புள்ள கோப்புகளின் பெயர் சிதையாமல் வந்ததா என்று பாருங்கள்.